இஸ்ரேல் போய்வந்த பாஸ்போர்ட்: கேள்வி பதில்

கேள்வி (பாளையங்கோட்டை): சர்ச்சிலிருந்து நாற்பது பேர் ஜோர்டான், இஸ்ரேல், எகிப்து என்று புனிதப் பயணம் கிளம்புகிறோம். மகன் குவைத்தில் வேலை செய்கிறான். அடுத்த வருஷம் அவனிடம் போகும்போது இஸ்ரேல் சீல் தொல்லை தருமா?

இஸ்ரேல் போய்வந்த தடயம் கண்டால் குவைத் மாதிரி நாடுகள் உள்ளே விட மறுக்கலாம், உண்மைதான். ஆனால் இஸ்ரேல் சீல் விழாது ஐயா. 2013 முதல் பயணிகளின் பாஸ்போர்ட்டில் சீல் குத்தாமல், ஏடிஎம் கார்டு அளவில் ஒரு நீலச் சீட்டு தருகிறார்கள். அதில் உங்கள் படம், பாஸ்போர்ட் எண், எதுவரை தங்கலாம் என்ற தேதி எல்லாம் இருக்கும். வெளியேறும்போது இளஞ்சிவப்புச் சீட்டு. நீலச் சீட்டைத் தொலைக்காதீர்கள். வெளிநாட்டுப் பயணிக்கு ஓட்டல் அறையில் விற்பனை வரி இல்லை, அதற்கு அந்தச் சீட்டைக் கேட்பார்கள்.

உங்களைக் காட்டிக்கொடுக்கப்போவது எகிப்து சீல். இந்த மாதிரிப் பயணத்தில் இஸ்ரேலின் தென்கோடி ஊரான எய்லாத் பக்கமிருந்து தாபா என்ற எல்லைச் சாவடி வழியாகத்தான் எகிப்தின் சினாய்க்குள் கூட்டிப்போவார்கள். எகிப்து போடும் சீலில் 'தாபா' என்று அரபியிலேயே இருக்கும். அந்தச் சாவடிக்கு எதிர்ப்பக்கம் இருப்பது இஸ்ரேல் மட்டும்தான். குவைத்தில் கவுண்டரில் இருப்பவருக்கு அரபி தாய்மொழி, ஒரு நொடியில் படித்துவிடுவார். எகிப்தில் தொடங்கி ஜோர்டானில் முடித்தாலும் இதே கதைதான், தாபா வெளியேறும் சீலாக விழும்.

தப்ப வேண்டுமானால் தாபாவையே தவிர்க்க வேண்டும். ஜோர்டானிலிருந்து, பாஸ்போர்ட்டில் ஜோர்டான் சீல் விழாத ஆற்றுப் பாலம் வழியாக இஸ்ரேல் போய், அதே பாலத்தில் திரும்பி, அம்மானிலிருந்து கெய்ரோவுக்கு விமானம். செலவு கூடும். குழுவில் வளைகுடா போகிறவர்கள் எத்தனை பேர் என்று இப்போதே எண்ணிப் பார்த்து ஏஜென்டிடம் சொல்லுங்கள். இஸ்ரேல் விசா தனித்தாளில் வருகிறதா, பாஸ்போர்ட்டில் ஒட்டுகிறார்களா என்பதையும் பணம் கட்டும் முன்பே கேளுங்கள். ஒட்டிவிட்டால் மற்ற முன்னெச்சரிக்கை எல்லாம் வீண்.

கேள்வி: அந்தப் பாலத்தில் மட்டும் ஏன் ஜோர்டான் சீல் விழுவதில்லை?

ஜோர்டான் ஆற்றின் மேலுள்ள அந்தப் பாலம் ஜோர்டான்காரர்களுக்கு 'கிங் ஹுசைன்', இஸ்ரேலியர்களுக்கு 'ஆலன்பி'. எதிர்க்கரை, இஸ்ரேல் கைப்பற்றி வைத்திருக்கும் பாலஸ்தீனர்களின் மேற்குக்கரைப் பகுதி என்பதால், அங்கே போவதை நாட்டைவிட்டு வெளியேறுவதாக ஜோர்டான் கணக்கில் எடுப்பதில்லை. சீலைத் தனித்தாளில் போடுவார்கள். பாஸ்போர்ட்டை நீட்டும்போதே "தனித்தாளில் போடுங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். ஒற்றை நுழைவு விசாவாக இருந்தாலும், கெடு முடியவில்லையென்றால், அதே பாலத்தில் திரும்பி வரலாம். இன்னொரு வழியாகத் திரும்பினால் புது விசா வேண்டும்.

கவனிக்க வேண்டியது வரிசை. அம்மான் விமான நிலையத்தில் இறங்கி, பாலத்தில் போய், பாலத்தில் வந்து, அம்மானிலிருந்தே கிளம்பினால் பாஸ்போர்ட்டில் இரண்டே சீல்: ஜோர்டானில் நுழைந்தது, ஜோர்டானிலிருந்து புறப்பட்டது. நடுவில் எங்கே போனீர்கள் என்பதற்குத் தடயமே இல்லை. மாறாக டெல் அவிவில் இறங்கி, பாலம் வழியாக ஜோர்டான் வந்து, அம்மானில் விமானம் ஏறினால் வெளியேறும் சீல் இருக்கும், நுழைந்த சீல் இருக்காது. அந்த இடைவெளியும் ஒரு சாட்சிதான். இப்படி ஜோடி சேராத சீலையும் அதிகாரிகள் கவனிப்பார்கள்.

இரண்டு எச்சரிக்கை. அந்தப் பாலத்தில் ஜோர்டான் விசா கொடுப்பதில்லை, அதனால் டெல் அவிவிலிருந்து வருபவர்கள் முன்கூட்டியே எடுத்திருக்க வேண்டும். வெள்ளி, சனியில் சீக்கிரம் மூடிவிடுவார்கள். பதற்றம் வந்தால் முழுவதுமே மூடுவார்கள். முந்தைய நாள் விசாரிக்காமல் பஸ் ஏறாதீர்கள். அகபா பக்கம் வாதி அரபா, வடக்கே ஷேக் ஹுசைன் ஆகிய மற்ற இரண்டு கடவைகளிலும் ஜோர்டான் சீல் பாஸ்போர்ட்டிலேயே விழும், கடவையின் பெயரோடு.

கேள்வி: சீல் இல்லாவிட்டாலும் வேறு என்ன மாட்டிவிடும்?

பாஸ்போர்ட்டின் பின்னட்டையைத் திருப்பிப் பாருங்கள். இஸ்ரேல் விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையில் பார்கோடுடன் நீள எண் அச்சிட்ட சின்ன ஸ்டிக்கரை ஒட்டியிருப்பார்கள். விரலால் தேய்த்துச் சூடாக்கி ஓரத்திலிருந்து மெல்ல உரியுங்கள். அவசரப்பட்டு இழுத்தால் அட்டையின் மேல்தோலும் கூடவே வரும். பிறகு பெட்டியில் தொங்கும் லக்கேஜ் டேக், போர்டிங் பாஸ், பர்ஸில் மிஞ்சிய ஷெக்கல் சில்லறை, பாஸ்போர்ட் உறைக்குள் மறந்துபோன அந்த நீலச் சீட்டு.

கேள்வி (மட்டக்களப்பு): அக்கா இஸ்ரேலில் முதியோர் பராமரிப்பு வேலையில் இருக்கிறா. ஒப்பந்தம் முடிந்ததும் லெபனானுக்கு வேலைக்குப் போக நினைக்கிறா. முடியுமா?

அந்தப் பாஸ்போர்ட்டில் முயல வேண்டாம். சீட்டு முறை சுற்றுலா வருபவர்களுக்குத்தான். வேலை விசாவும் அதன் நீட்டிப்புகளும் பாஸ்போர்ட்டிலேயே பதிவாகும். லெபனான் இதில் மிகக் கடுமை. விசா கையில் இருந்தாலும் இஸ்ரேல் தடயம் கண்டால் விமான நிலையத்திலிருந்தே திருப்பி அனுப்பும். ஊர் திரும்பிப் புதுப் பாஸ்போர்ட் எடுத்த பிறகுதான் விண்ணப்பிக்க வேண்டும். இஸ்ரேலில் இருந்தீர்களா என்று எழுத்தில் கேட்டால் பொய் எழுத வேண்டாம். லெபனானில் இஸ்ரேல் தொடர்பு என்பது குடியேற்றத் துறையோடு நிற்கும் விஷயமல்ல, பாதுகாப்பு விசாரணை வரை போகும்.

கேள்வி: அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துவிட்டால்?

கூடவே கூடாது. பக்கங்களுக்கு எண் உண்டு, ஒன்று குறைந்தாலே பாஸ்போர்ட் செல்லாது. இந்தியாவில் 1967ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டப்படி அதில் கைவைப்பது குற்றமும்கூட. நேர்வழி மறுவழங்கல். பக்கம் தீர்ந்துவிட்டாலோ, காலாவதி நெருங்கினாலோ விண்ணப்பிக்கலாம். சாதாரண முறையில் 36 பக்கத்துக்கு 1,500 ரூபாய், 60 பக்கத்துக்கு 2,000. ஆனால் புதியதில் பழைய பாஸ்போர்ட் எண்ணையும் அச்சிடுவார்கள், பழையதைக் கொண்டு வரச் சொல்லும் அதிகாரிகளும் உண்டு. பிரிட்டனில் காரணம் காட்டினால் இரண்டாவது பாஸ்போர்ட் கிடைக்கும். இந்தியாவில் ஒருவருக்கு ஒரு சாதாரண பாஸ்போர்ட்தான்.

கேள்வி (கிள்ளான்): எங்கள் மலேசியப் பாஸ்போர்ட்டில் இஸ்ரேலுக்குச் செல்லாது என்றே அச்சிட்டிருக்கிறதே?

ஆமாம். எருசலேம் புனிதப் பயணத்துக்கு உள்துறை அமைச்சின் அனுமதி பெற்றுக் குழுவாகத்தான் போக முடியும். அனுமதியில்லாமல் போனால் சிக்கல் உங்கள் சொந்த நாட்டில் காத்திருக்கும். பாகிஸ்தான் பாஸ்போர்ட்டிலும் இதே வாசகம் உண்டு. வங்கதேசம் 2021இல் நீக்கி, 2025இல் மீண்டும் சேர்த்துவிட்டது.

கேள்வி (லண்டன்): பிரிட்டிஷ் பாஸ்போர்ட். வேலையாக இரண்டு நாள் ஈராக் போனேன். அமெரிக்காவுக்கு எஸ்டா (விசா இல்லாமல் போக ஆன்லைனில் வாங்கும் அனுமதி) கிடைக்குமா?

கிடைக்காது. 2011 மார்ச் 1க்குப் பிறகு ஈரான், ஈராக், சூடான், சிரியா, லிபியா, சோமாலியா, ஏமன், வட கொரியா ஆகியவற்றில் கால் வைத்திருந்தால் அந்தச் சலுகை போய்விடும். கியூபாவுக்குக் கணக்கு 2021 ஜனவரி 12 முதல். அமெரிக்காவுக்குப் போகவே முடியாது என்று இதற்கு அர்த்தமில்லை. தூதரக நேர்காணலுக்குப் போய் விசா வாங்க வேண்டும், நாள் பிடிக்கும் என்பதால் டிக்கெட் போடும் முன்பே தொடங்குங்கள். சீல் இல்லையே என்று படிவத்தில் 'இல்லை' போடாதீர்கள். பொய் பிடிபட்டால் நிரந்தரத் தடைவரை போகும். இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்காரர்களுக்கு எப்படியும் விசா தேவை என்பதால் இந்த விதி தொடாது.

கேள்வி: கொசோவோ போய்விட்டு அப்படியே செர்பியா போகலாமா?

செர்பியாவில் நுழைந்து கொசோவோ போய்த் திரும்பினால் பிரச்சினை இல்லை. அல்பேனியா வழியாகக் கொசோவோவில் நுழைந்து நேரே செர்பிய எல்லைக்குப் போனால் திருப்பி அனுப்புவார்கள், ஏனென்றால் அவர்கள் கணக்கில் கொசோவோவும் செர்பியா. நீங்கள் செர்பிய நுழைவு சீல் இல்லாமல் உள்ளே வந்தவர். வட மாசிடோனியா சுற்றி வாருங்கள்.

கேள்வி: ஈரான் சீலோடு டெல் அவிவில் இறங்கினால் மறுப்பார்களா?

சீலுக்காக மறுக்கும் விதி இல்லை. தனியறையில் உட்கார வைத்து, யாரைப் பார்த்தீர்கள், யார் செலவு செய்தார்கள், எங்கே தங்கினீர்கள் என்று ஒரே கேள்வியை இரண்டு மூன்று பேர் மாறி மாறிக் கேட்பார்கள். மணிக்கணக்கில் ஆகலாம். ஈரான் பயணத்தின் ஓட்டல் ரசீதையும் டிக்கெட்டையும் கைப்பையில் வைத்திருங்கள். இறங்கி நாலு மணி நேரத்துக்குள் வேறு எந்த பஸ்ஸும் விமானமும் முன்பதிவு செய்யாதீர்கள்.