இமயமலை ஜியாலஜி படிக்கணும்னு மகள் சொல்கிறாளா?

அண்ணாச்சி, முதலில் ஒன்று: இது பள்ளிக்கூடத்தில் படித்த புவியியல் அல்ல. அது ஜியாகிரபி. உங்கள் மகள் கேட்பது ஜியாலஜி, அதிலும் பாறை மடிந்து உடைந்து மலையாகும் கதையைப் படிக்கும் பிரிவு.

அவளுக்கு இது ஒத்துவருமா என்று வீட்டிலேயே பார்க்கலாம். வழவழப்பான தரையில் ஜமுக்காளத்தை விரித்து ஒரு முனையிலிருந்து தள்ளச் சொல்லுங்கள். மடிப்பு தூரம்வரை பரவும். சொரசொரப்பான தரையில் தள்ளினால் கையருகிலேயே குவிந்து உயரும். மலைத்தொடரும் இப்படித்தான். ஈரானின் சாக்ரோஸ் மலைத்தொடரில் பல இடங்களில் அடியில் உப்புப் படுகை (படுகை என்றால் இங்கே பாறை அடுக்கு) வழுக்குவதால் மடிப்புகள் அகலப் பரவிக் கிடக்கின்றன. இமயத்தில் சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய மோதலில் இந்தியப் பாறைகள் சீவல் சீவலாகப் பிளந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. அதனால் பழைய பாறை இளைய பாறைக்கு மேலே இருக்கும். ஒரே படுகை ஆழ்துளையில் இரண்டு முறை வரும். 30 பாகை சரிவில் பாறை 3 கிலோமீட்டர் உயர வேண்டுமானால் 6 கிலோமீட்டர் வழுக்கியாக வேண்டும். இந்தக் கணக்கைச் சொன்னதும் அவள் பென்சில் எடுத்துப் படம் போட்டால், தைரியமாகச் சேர்த்துவிடுங்கள்.

நம் பக்கத்து மலையைப் பார்த்து ஏமாற வேண்டாம். மேற்குத் தொடர்ச்சி மலை அந்த மாதிரி மோதி எழுந்ததல்ல. நிலம் பிரிந்த விளிம்பு அரிக்கப்பட்டு நிற்பது. ஆனாலும் பயிற்சிக்குக் குறைவில்லை. நம் மலைகளின் சார்னோகைட் என்ற பாறையும், செங்கோட்டைப் பக்கம் கடக்கும் அச்சன்கோவில் நழுவு மண்டலமும் (பாறைகள் ஒன்றையொன்று உரசி நகர்ந்த பட்டை) பழங்காலத்தில் பாறை எப்படி உருமாறியது என்று காட்டும்.

களத்தில் சறுக்குவது பெரும்பாலும் அளவெடுப்பதில். படுகையின் சாய்வை ஸ்ட்ரைக்குக்கு (சாய்ந்த படுகைமேல் கிடைமட்டமாக ஓடும் கோட்டின் திசை) செங்குத்தாக அளக்காவிட்டால் உண்மையைவிடக் குறைவாகவே வரும். நிலத்தை நெட்டாக வெட்டினால் உள்ளே தெரிவதை வரையும் வெட்டுப்படத்தில், பாறை உடைந்து நகர்ந்த பிளவு தப்பான ஆழத்தில் போய் உட்காரும். சுத்தியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திசைகாட்டி பார்த்தால் முள் திரும்பிவிடும். வரைந்த படத்தில் மடிப்புகளை நீட்டிப் பார்த்தால் எல்லாப் படுகைக்கும் நீளம் ஒத்துவர வேண்டும். வராவிட்டால் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் தப்பு.

படிப்புக்குத் தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரியில் ஜியாலஜி உண்டு. கணிதத்தைத் துணைப்பாடமாக விடாமல் வைத்துக்கொள்ளட்டும். எம்.எஸ்ஸி.க்கு ஐஐடி ஜாம் தேர்வு, 100 மதிப்பெண், 3 மணி நேரம். பிறகு அரசு வேலைக்கான யுபிஎஸ்சி ஜியோ-சயின்டிஸ்ட் தேர்வு: முதல்நிலைக்கு 400 மதிப்பெண், முதன்மைக்கு 600, நேர்காணலுக்கு 200. வயது 21 நிறைந்திருக்க வேண்டும், 32 எட்டியிருக்கக் கூடாது; ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. அரசு வேலை ஒன்றுதான் என்று நினைக்க வேண்டாம். சுரங்கப்பாதை, அணைப் பணிகளுக்கும் இந்தப் படிப்புத் தேவை. 2023 நவம்பரில் உத்தரகாண்டின் சில்க்யாரா சுரங்கம் சரிந்து 41 பேர் 17 நாள் உள்ளே சிக்கினார்களே, அப்படிப்பட்ட நொறுங்கிய பாறை முன்னால் எங்கே வரும் என்று பார்த்துச் சொல்வதும் இவர்கள் வேலைதான்.

களப்பயணம் வெயிலும் ஏற்றமும்தான். கல்லூரியில் சேரும் முன்பே, களமுகாம் எத்தனை நாள், மாணவிகளுடன் யார் வருவார்கள் என்று துறைத்தலைவரிடம் நேரில் கேட்டுவிடுங்கள்.