ஆங்கிலச் சுருக்கத்தை மட்டும் நம்பி முடிவெடுக்கலாமா?

கேள்வி: கோவையில் விவசாயிகளுக்கான கடன் செயலி நடத்துகிறோம். ஆந்திராவில் 40 பயனர்களிடம் தெலுங்கில் பேட்டி எடுத்துப் பதிவு செய்திருக்கிறோம். எங்கள் குழுவில் யாருக்கும் தெலுங்கு தெரியாது. ஏஐ கருவி தரும் ஆங்கிலச் சுருக்கத்தை வைத்தே செயலியை மாற்றலாமா?

பதில்: வேண்டாம். கருவி முதலில் பேச்சை எழுத்தாக்குகிறது, பிறகு ஆங்கிலமாக்குகிறது, கடைசியில் சுருக்குகிறது. முதல் படியில் விழுந்த பிழை, கடைசியில் நல்ல ஆங்கில வாக்கியமாக வந்து நிற்கும். பார்த்தால் சந்தேகமே வராது.

பேச்சில்லாத இடைவெளிகளில் இந்தக் கருவிகள் சொந்தமாகவும் எதையாவது எழுதும். பேச்சை எழுத்தாக்கும் ஓப்பன்ஏஐயின் விஸ்பர் கருவியை ஆங்கிலப் பேச்சில் சோதித்த ஓர் ஆய்வு 2024-இல் வெளியானது. சுமார் 1 சதவீதப் பதிவுகளில் யாரும் சொல்லாத வாக்கியங்கள் இருந்தன. ஆங்கிலத்துக்கே அந்தக் கதி.

அதனால் பேச்சைத் தெலுங்கு எழுத்திலேயே, நேரக் குறிப்போடு எடுங்கள். ஒரே ஒலியை விஸ்பரிலும், இந்திய மொழிகளுக்காகச் சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு உருவாக்கிய கருவியிலும் ஓட்டுங்கள். இரண்டும் முரண்படும் இடங்களையும், தொகை, தவணைத் தேதி, 'இல்லை' என்ற பதில் வரும் இடங்களையும் தெலுங்கு தெரிந்த ஒருவர் காதால் கேட்கட்டும். கல்லூரி மாணவர் போதும்.

இதற்கு ஏஜென்சி பிடிக்காதீர்கள். மனித மொழிபெயர்ப்பு என்று பில் போட்டுவிட்டு இலவசக் கருவியில் ஓட்டித் தருபவர்கள் ஏராளம். பிடித்தே ஆகவேண்டும் என்றால் தெலுங்குப் பிரதியைக் கேளுங்கள். மழுப்பினால் ஆளை அனுப்பிவிடுங்கள். 'பேட்டியே வேண்டாம், பயனர் மாதிரி நடிக்கும் ஏஐயே பதில் சொல்லும்' என்று இன்னொரு கூட்டம் வரும். உங்களிடம் கடன் வாங்குபவர் ஏன் பாதியில் செயலியை மூடினார் என்பது அந்தப் பொம்மைக்கு எப்படித் தெரியும்?

ஒருவகைப் பதிவை மட்டும் கருவியிடம் கொடுக்கவே கொடுக்காதீர்கள்: பக்கத்தில் மகனோ மருமகளோ சேர்ந்து பேசியது. கடன் அப்பா பேரில், போன் மகன் கையில் என்பது கிராமத்தில் சகஜம். செயலி சுலபம் என்பது மகன். வட்டி புரியவில்லை என்பது அப்பா. கருவி இரண்டையும் ஒரே ஆளாக்கி, 'பயனர் திருப்தி' என்று எழுதிவிடும். குரல்களைப் பிரிக்கும் வசதி இருக்கிறது என்பார்கள். குறுக்கே குறுக்கே பேசினால் அதுவும் தடுமாறும். இவற்றை முழுக்க மனிதரே கேட்க வேண்டும்.

அப்புறம், ஒப்புதல். தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது. விதிகள் வர 2025 நவம்பர் ஆனது. முழுதாக அமலாக 2027 ஆகுமாம்! ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள (தெலுங்கு உட்பட) எந்த மொழியிலுமோ படிக்க வாய்ப்புத் தரவேண்டும் என்கிறது சட்டம். நீங்கள் காத்திருக்க வேண்டாம். ஒலி ஏஐ கருவிக்குப் போகும் என்பதைத் தெலுங்கில் வாசித்துக் காட்டி, சம்மதத்தையும் பதிவு செய்யுங்கள். அந்த 40 பேரிடம் இதைச் சொல்லவில்லை என்றால், பதிவுகளைக் கருவியில் ஏற்றும் முன் மறுபடி ஒரு முறை அழைத்துக் கேளுங்கள்.