எம்33 சிக்கவில்லையா? பவரைக் குறையுங்கள்

கேள்வி: 4.5 அங்குல டெலஸ்கோப் வைத்திருக்கிறேன். முக்கோண கேலக்ஸியான எம்33-இன் பிரகாச எண் 5.7 என்கிறார்கள் (எண் கூடக் கூட மங்கல்). அதைவிட மங்கலான விண்மீன் கொத்துகள் மொட்டை மாடியிலிருந்தே தெரிகின்றன. இது மட்டும் மூன்று இரவாகியும் சிக்கவில்லை. அதிக பவர் (உருப்பெருக்கம்) தரும் ஐபீஸும், அதாவது கண் வைத்துப் பார்க்கும் லென்ஸும், ஃபில்டரும் வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? (திருப்பூர் வாசகர்)

வாங்காதீர்கள். 5.7 என்பது அந்த கேலக்ஸியின் ஒளி முழுவதையும் ஒரே புள்ளியில் குவித்தால் வரும் கணக்கு. வானில் அது இரண்டு முழு நிலவுகளை அடுக்கிய நீளத்துக்குப் பரவிக் கிடக்கிறது. ஒரு ஸ்பூன் நெய்யை ஒரு தோசைக்கு விட்டால் மணக்கும், பந்தி முழுக்கத் தடவினால்? போதாததற்கு பக்கத்து ஆண்ட்ரோமீடா கேலக்ஸியைப் போல நடுவில் பளிச்சென்ற மையமும் இல்லை. கரங்கள் திட்டுத்திட்டாக உடைந்தவை.

பவரைக் கூட்டினால் இருக்கும் நெய்யையும் இன்னும் மெலிதாக இழுப்பீர்கள். அட்டைப்பெட்டியில் '525 மடங்கு' என்று அச்சடிப்பவர்களை என்ன சொல்வது! உங்கள் 4.5 அங்குல டெலஸ்கோப் 200 மடங்கைத் தாங்கினாலே அதிகம், அதுவும் நிலாவுக்கும் கோள்களுக்கும்தான். அதன் குவியத் தூரம் 900 மி.மீ. என்றால் கூடவே வந்த 25 மி.மீ. ஐபீஸ் 36 மடங்கு தரும். அதுவே போதும்.

ஃபில்டரும் வீண். கேலக்ஸியின் ஒளி எல்லா நிறமும் கலந்த விண்மீன் ஒளி. ஃபில்டர் அதையும் சேர்த்துத்தான் வெட்டும். ஒரே விலக்கு, எம்33-க்குள்ளேயே இருக்கும் என்ஜிசி 604. 1784-இல் வில்லியம் ஹெர்ஷல் கண்டது, ஆயிரம் ஒளியாண்டுக்கும் மேல் அகலமான வாயு மேகம். வாயு குறிப்பிட்ட சில நிறங்களில் மட்டும் ஒளிர்வதால் அந்த நிறங்களை மட்டும் விடும் நெபுலா ஃபில்டர் போட்டால் கேலக்ஸி மங்கி, இந்தப் புள்ளி மட்டும் எடுப்பாக நிற்கும். ஆனால் முதலில் கேலக்ஸியைக் கண்டுபிடித்த பிறகுதானே அது! கடைக்காரர் இந்த வரிசையைச் சொல்ல மாட்டார்.

உண்மையில் தடை உங்கள் மாடியைச் சூழ்ந்த ஊர் வெளிச்சம்தான். எங்கள் தெருவில் வானத்தைப் பார்த்து எரியும் எல்.இ.டி. விளக்குக்கு மூடி போடச் சொல்லி மூன்று மனு கொடுத்தேன். கூடுதலாக ஒரு விளக்கு வந்தது. ஆகவே அமாவாசையை ஒட்டி ஊருக்கு வெளியே போங்கள். மார்கழித் தொடக்கத்தில் இரவு எட்டரை வாக்கில் எம்33 வடக்கே உச்சிக்கு அருகில் இருக்கும். கண் இருட்டுக்குப் பழக, அரை மணி நேரம் செல்போனைத் தொடாதீர்கள். ஆண்ட்ரோமீடா கேலக்ஸியிலிருந்து மிராக் விண்மீனுக்குக் கோடு இழுத்து, ஏறக்குறைய அதே தூரம் மறுபக்கம் நீட்டுங்கள். முதலில் பைனாகுலர், அப்புறம் டெலஸ்கோப்.

நேராக உற்றுப் பார்க்காமல் ஓரக்கண்ணால் பாருங்கள். கண்ணாடியில் ஊதிய மூச்சு போலத்தான் தெரியும். அப்படியும் தெரியாவிட்டால் குழாயை விரலால் லேசாகத் தட்டுங்கள். நிற்கும்போது தெரியாத மங்கல், அசையும்போது கண்ணில் படும்.