கடன் வாங்கும் முன் லுவாவை நிறுவிப் பாருங்கள்

பெரியப்பா மகன் சேர்ந்த அதே செயற்கை நுண்ணறிவுப் படிப்பில் கடன் வாங்கியாவது தம்பியைச் சேர்த்துவிடுவோம் என்று நேற்று சொன்னீர்கள். தம்பி வாயே திறக்கவில்லை. இரவெல்லாம் கணினியில் என்ன செய்கிறாய் என்று நான் கேட்டதும், விளையாட்டுகளை நாமே செய்யவும் ஆடவும் உதவும் ரோப்லாக்ஸ் தளத்தில் தான் செய்த விளையாட்டில் கதவு எப்படித் திறக்கிறது என்று கால் மணி நேரம் விளக்கினான்.

உங்கள் கவலை புரிகிறது. ஆனாலும் அந்தக் கடன் வேண்டாம். உறவினர்கள் வட்டி கட்டப் போவதில்லை.

பைத்தான், ஜாவா போன்ற நிரல் மொழிகள் பற்றி யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், விடுங்கள். தம்பி கதவைத் திறக்க எழுதியது லுவாவ், லுவா என்ற நிரல் மொழியிலிருந்து பிறந்த மொழி. மூலமான லுவாவை 1993-இல் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் ஒரு பல்கலைக்கழகத்தில் மூன்று பேர் உருவாக்கினார்கள். லுவா என்றால் போர்த்துகீசியத்தில் நிலா. இலவசம். 5.4 பதிப்பின் மூல நிரல் (மொழியையே உருவாக்கிய நிரல்) முழுவதும் சுருக்கினால் 400 கேபிகூட வராது. அதில் மொழி தனக்கென ஒதுக்கிக்கொண்ட சொற்கள் 22தான். தரவுகளை அடுக்கும் பட்டியல், அகராதி, ஆப்ஜெக்ட் எல்லாவற்றுக்கும் ‘டேபிள்’ என்ற அமைப்பு ஒன்றே. பட்டியலில் வரிசை எண் ஒன்றிலிருந்து தொடங்கும். ஒரு மாறியில் (மதிப்பை வைக்கும் பெயரில்) இப்போது எண்ணை வைத்து, அப்புறம் சொல்லை வைத்தாலும் கோபித்துக்கொள்ளாது.

கணினியில் லினக்ஸ் வகையான உபுண்டு என்றால், கட்டளைகளைத் தட்டும் டெர்மினலில் ‘சுடோ ஆப்ட் இன்ஸ்டால் லுவா5.4’. மேக்கில் மென்பொருள் நிறுவ உதவும் ஹோம்ப்ரூ இருந்தால் ‘ப்ரூ இன்ஸ்டால் லுவா’. ஆனால் லினக்ஸில் தம்பி மூல நிரலை இறக்கி, பிரித்து, ‘மேக் ஆல் டெஸ்ட்’ கொடுத்துத் தானே கட்டட்டும். சி மொழி நிரலைக் கணினிக்கு மாற்றித் தரும் சி கம்பைலர் இல்லையென்று பிழை வந்தால் நல்லதுதான், அதைத் தேடி நிறுவுவதும் பாடமே. விண்டோஸில் தயாராகக் கட்டிய கோப்பை எடுத்து, அது இருக்கும் இடத்தை ‘பாத்’ என்ற தேடல் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

நிறுவியதும் ‘நிலா’ என்ற சொல்லின் நீளத்தை # குறியால் கேட்கச் சொல்லுங்கள். இரண்டெழுத்துச் சொல்லுக்குப் பன்னிரண்டு என்று வரும், ஏனென்றால் அது எழுத்துகளை அல்ல, கணினி அவற்றைச் சேமிக்கும் பைட்டுகளை எண்ணுகிறது. காரணத்தை நீங்கள் சொல்லாதீர்கள். தம்பி தானாகத் தோண்டுகிறானா என்று மட்டும் பாருங்கள்.

லுவா மட்டும் தெரிந்தால் வேலை கிடைக்குமா? கடினம்தான். ஆனால் ரெடிஸ் (தரவுத்தளம்), நியோவிம் (நிரல் எழுதும் கருவி), வயர்ஷார்க் (வலைப்போக்கை ஆராயும் கருவி) எல்லாவற்றுக்குள்ளும் அது உட்கார்ந்திருக்கிறது. அவற்றை நீட்டிக்கப் பழகுபவன் சி மொழிக்கும் சர்வர் வேலைக்கும் தானாக நகர்வான்.

மூன்று மாதம் கொடுங்கள். அதுவரை கடன் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். பெரியப்பா கேட்டால், என்னிடம் பேசச் சொல்லுங்கள்.