வாசகர் கேள்வி–பதில்: தூண் சுமப்பதும் சுவர் சுமப்பதும்

கேள்வி: எங்கள் வீடு ஒரு மாடிதான், சுவரோ இரண்டடி கனம். அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடத்தில் அவ்வளவு கனத்தைக் காணோமே, எப்படி நிற்கிறது? (மண்ணடி வாசகர்)

பதில்: உங்கள் வீட்டில் மாடியைச் சுமப்பது சுவர். எல்.ஐ.சி.யில் சுமப்பவை கான்கிரீட் தூண்கள். சுவர் வெறும் மறைப்பு. செங்கல்லை நம்பி உயரம் போனால் அடிச்சுவர் பருத்துக்கொண்டே வரும். சிகாகோவில் 1891-இல் எழுந்த மொனாட்நாக் கட்டடத்துக்கு 16 மாடி. தரைமட்டத்தில் சுவர் ஆறடி. வாடகைக்கு விட வேண்டிய இடத்தைச் சுவரே தின்றுவிட்டது!

எல்.ஐ.சி. கட்டடத்தைக் கட்டத் தொடங்கியவர் யுனைடெட் இந்தியா காப்பீட்டு நிறுவனத்தின் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார். வரைந்தவர்கள் லண்டனின் பிரவுன், மௌலின், முடித்துக்கொடுத்தவர் எல்.எம். சித்தாலே. நடுவில் 1956-இல் ஆயுள் காப்பீடு அரசுடைமையானது. அதனால் 1959-இல் திறந்தபோது கட்டடம் எல்.ஐ.சி.யுடையது. உயரம் 177 அடி. சுண்ணாம்புக்கும் செங்கல்லுக்கும் பழகிய சென்னை, கான்கிரீட் தூணுக்கு மாறியது இதோடுதான் என்று சொல்லலாம்.

கேள்வி: பழைய வீட்டின் முன்சுவரை எடுத்துவிட்டு ஷட்டர் போடலாமா? ஒரே நாளில் முடித்துத் தருவதாக மேஸ்திரி சொல்கிறார். (சௌகார்பேட்டை வாசகர்)

பதில்: ஒரே நாள் என்றாலே வேண்டாம். முதலில் அண்ணாந்து பாருங்கள். மெட்ராஸ் டெரஸ் (மரக்கட்டைகள்மேல் செங்கல் அடுக்கிய பழைய தளம்) என்றால் தேக்குக் கட்டைகள் எந்தச் சுவரில் உட்கார்ந்திருக்கின்றன என்பது கண்ணுக்கே தெரியும். அவற்றின் மேல் சின்னச் செங்கல்லைச் சாய்வாக நிறுத்தி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, மேலே தட்டை ஓடு பதித்திருப்பார்கள்; பாரம் லேசில்லை. கட்டை சுவருக்குள் நுழையும் இடத்தில் ஆணியால் குத்துங்கள். ஆணி சுலபமாக இறங்கினால் நுனி மக்கிவிட்டது. அதை மாற்றாமல் சுவரைத் தொடக்கூடாது.

கட்டைகள் முன்சுவரில் இருந்தால், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கணக்குப் போட்ட இரும்பு உத்தரம் வேண்டும். உள்ளே கட்டைகளுக்கு அடியில் குறுக்குச் சட்டம் வைத்து ஜாக்கி முட்டு கொடுங்கள். மாடியிலும் சுவர் இருந்தால் அதற்குத் தனி முட்டு. உத்தரத்தின் இரு முனைகளும் கான்கிரீட் மேடையில் உட்கார வேண்டும். நேரே பழைய செங்கல்மேல் வைத்தால் அது நொறுங்கி உத்தரம் இறங்கும். மாடிச் சுவரில் படிப்படியாக விரிசல் ஓடும். உத்தரத்துக்கும் மேல்சுவருக்கும் நடுவில் உள்ள சந்தில் ஈரம் குறைந்த கலவையை இறுகக் குத்தி, ஒரு வாரமாவது கழித்தே முட்டுகளை எடுக்கவும். பலர் அவசரப்பட்டுக் கெடுப்பது இங்கேதான்.

ஷட்டர் அகலம் போதவில்லை என்று பக்கச் சுவரைக் கொத்தாதீர்கள். உங்கள் பகுதியான ஜார்ஜ் டவுனில் அது பொதுச்சுவராக இருக்கலாம். அடுத்த வீட்டுக் கட்டைகளும் அதில் செருகியிருக்கும்.