எம்ஓடியில் ஃபெயில் ஆன கார்: கடலூர்த் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். கடலூரிலிருந்து இங்கிலாந்தில் லெஸ்டருக்கு வந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் கேர் வேலை, கார் இல்லாமல் நடக்காது. 1,400 பவுண்டுக்கு வாங்கிய 2010 மாடல் பெட்ரோல் கார் எம்ஓடியில், அதாவது வண்டி ரோட்டுக்குத் தகுதிதானா என்று அங்கே வருஷாவருஷம் பார்க்கும் கட்டாயச் சோதனையில், ஃபெயில். முன்பக்கக் காயில் ஸ்பிரிங் உடைந்திருக்கிறது, பின்னால் பிரேக் பைப் துருப்பிடித்திருக்கிறது, ஒரு டயரில் நூல் தெரிகிறது, ஹெட்லைட் ஒன்று எரியவில்லை. சோதித்த கராஜே எல்லாம் செய்ய 780 பவுண்டு கேட்கிறது. பழைய சான்றிதழ் முடிய இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. ஓட்டலாமா, சரிசெய்வதா, தள்ளிவிடுவதா, இல்லை கொஞ்சம் 'கவனித்தால்' பாஸ் போட்டுத் தரும் இடம் ஏதாவது உண்டா?

கடைசிக் கேள்விக்கு முதல் பதில்: அந்த யோசனையே வேண்டாம். முடிவு உடனே அரசின் கணினியில் ஏறிவிடுகிறது. பொய்யாக பாஸ் போட்டு மாட்டினால் சோதிப்பவருக்கு உரிமம் போய்விடும். காருக்கான எம்ஓடி கட்டணமே அதிகபட்சம் 54.85 பவுண்டுதான். அதற்காக யார் பிழைப்பைக் கெடுத்துக்கொள்வார்கள்?

நமக்கு இது புதுசாக இருப்பதில் ஆச்சரியமில்லை. ஊரில் சொந்தக் காரை முதல் 15 வருஷம் யாரும் கேட்பதில்லை, பொல்யூஷன் சர்டிபிகேட்டோடு சரி. எஃப்சி என்ற தகுதிச் சான்று மஞ்சள் போர்டு வண்டிக்காரர்களின் கவலை. நான் இப்போது லீவில் புதுச்சேரியில், லாஸ்பேட்டை வீட்டில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். அண்ணன் காருக்கு 15 வருஷம் முடிந்து, ஆர்சி புதுப்பிக்க பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்ட வேண்டும். டிங்கரிங், பெயிண்ட், பாலிஷ் எல்லாம் முடிந்து வாசலில் மாப்பிள்ளை மாதிரி நிற்கிறது. இங்கிலாந்தில் அந்த அலங்காரத்துக்கு ஒரு மார்க்கும் கிடையாது. வண்டியைத் தூக்கி, டார்ச் அடித்து அடிப்பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். பிரேக்கை உருளை மேல் ஏற்றி அளப்பார்கள். இந்த எம்ஓடி 1960-ல் பத்து வருஷப் பழைய வண்டிகளுக்கு மட்டும் என்று ஆரம்பித்தது, 1967-லிருந்து மூன்று வருஷம் ஆன கார் எல்லாவற்றுக்கும் வருஷாவருஷம் என்று ஆகிவிட்டது. பாரிஸ் பக்கம் இருக்கும் எங்கள் புதுச்சேரிச் சொந்தக்காரர்களுக்கு நான்கு வருஷம் கழித்து, அப்புறம் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறைதான். அதற்கே புலம்புவார்கள்.

சரி, உங்கள் ஃபெயில் காகிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் குறைகளை நான்கு தரமாகப் பிரித்திருப்பார்கள். 2018 மே மாதத்திலிருந்து வந்த முறை இது. 'டேஞ்சரஸ்' என்றால் அதைச் சரிசெய்யாமல் வண்டியை ரோட்டில் எடுக்கவே கூடாது. 'மேஜர்' என்றாலும் ஃபெயில்தான். 'மைனர்', 'அட்வைசரி' இரண்டும் பாஸோடு வரும் எச்சரிக்கைகள். நூல் தெரிகிற டயர் 'டேஞ்சரஸ்' பட்டியலில் இருக்கும். அதை வைத்துக்கொண்டு ஓட்டினால் 2,500 பவுண்டு வரை அபராதம், லைசென்ஸில் மூன்று பாயிண்ட், தடைகூட வரலாம். இன்னும் இரண்டு வாரம் சான்றிதழ் இருக்கிறதே என்ற பேச்சு அங்கே எடுபடாது. ஆக நாளைய ஷிஃப்டுக்கு அந்தக் காரில் போகாதீர்கள். கூட வேலை செய்பவர் காரில் தொற்றிக்கொள்ளுங்கள், அல்லது மேனேஜரிடம் உண்மையைச் சொல்லி நடந்து போகிற தூரத்தில் உள்ள வீடுகளை மாற்றிக் கேளுங்கள்.

டயரை மட்டும் மாற்றிவிட்டால்? மிச்சமிருப்பது 'மேஜர்'தான், பழைய சான்றிதழும் அதன் தேதிவரை செல்லும் என்று சிலர் சொல்வார்கள். அது பாதி உண்மை. சான்றிதழ் இருந்தாலும் வண்டி ரோட்டுக்குத் தகுதியாக இருக்க வேண்டும் என்பது தனிச் சட்டம். சட்டத்தை விடுங்கள், உடைந்த ஸ்பிரிங்கின் முனை டயரைக் கிழிக்கும், அரித்துப்போன பிரேக் பைப் ஒருநாள் அழுத்தும்போது வெடிக்கும். நான் ஓட்ட மாட்டேன்.

இனி செலவு. சோதித்த கராஜிலேயே வேலையைக் கொடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வண்டியை அங்கேயே விட்டு, பத்து வேலை நாளுக்குள் அவர்களே சரிசெய்தால் மறுசோதனைக்குக் காசு கிடையாது. வெளியே கொண்டுபோய்ச் சரிசெய்து அதே பத்து வேலை நாளுக்குள் திரும்பக் கொண்டுவந்தால், ஃபெயில் ஆனதை மட்டும் பார்ப்பார்கள், கட்டணம் அதிகபட்சம் பாதி. லைட், வைப்பர், டயர் போன்ற சிலவற்றை மட்டும் செய்து அடுத்த வேலை நாள் முடிவதற்குள் காட்டினால் அதுவும் இலவசம். உங்கள் பட்டியலில் ஸ்பிரிங்கும் பைப்பும் இருப்பதால் அது உங்களுக்குப் பொருந்தாது. நீங்கள் செய்யவேண்டியது, அந்தக் காகிதத்தைப் போட்டோ எடுத்து இன்னும் இரண்டு கராஜுக்கு அனுப்பி விலை கேட்பது. 780-ஐ ஒற்றைத் தொகையாக வாங்காதீர்கள், ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். ஹெட்லைட்டுக்குப் பல்பு மட்டும் போதுமா என்பது அப்போது தெரிந்துவிடும். ஸ்பிரிங்கை இரண்டு பக்கமும் மாற்றச் சொன்னால் ஏமாற்று என்று நினைக்க வேண்டாம், அது சரியான வேலை. பாதி தேய்ந்த பழைய டயரை விற்பார்கள், சட்டப்படி விற்கலாம், ஆனால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

சரிசெய்வதா தள்ளிவிடுவதா என்பதை 780 என்ற எண் முடிவு செய்யக் கூடாது. துருதான் முடிவு செய்ய வேண்டும். ஸ்பிரிங், டயர், பல்பு எல்லாம் தேய்கிற சாமான், எந்தக் காரிலும் ஒருநாள் வரும். மாற்றினால் அந்தப் பிரச்சினை முடிந்தது. உடம்பு அரிக்க ஆரம்பித்த கார் அப்படி இல்லை. தேவனாம்பட்டினம் கடற்கரையோரம் வீட்டு கேட்டும் சைக்கிளும் என்ன பாடுபடும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இங்கிலாந்தில் கடல் தள்ளி இருந்தாலும், குளிர்காலத்தில் பனி உறையாமலிருக்க ரோடெல்லாம் உப்பைக் கொட்டுகிறார்கள். அது அடியில் ஒட்டிக்கொண்டு வருஷக்கணக்கில் வேலை செய்யும். உங்கள் பிரேக் பைப்பும் அப்படிப் போனதாகத்தான் இருக்கும். பைப்பை மாற்றிவிடலாம். ஆனால் கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பட்டையும், சஸ்பென்ஷன், சீட் பெல்ட் பிடித்திருக்கும் இடங்களும் பொத்தலாகியிருந்தால் வெல்டிங். இந்த வருஷம் ஒரு பக்கம் என்றால் அடுத்த வருஷம் மறுபக்கம். காகிதத்தின் கடைசியில் 'அட்வைசரி' வரிகளில் துரு என்று எங்கெங்கே எழுதியிருக்கிறது என்று பாருங்கள். மெக்கானிக்கிடம், "லிஃப்டில் ஏற்றி எனக்கே காட்டுங்கள்" என்று கேளுங்கள். அடிப்பக்கம் உறுதியாக இருந்தால் நான் 780 கொடுத்துக்கூடச் சரிசெய்வேன். 1,400-க்கு வேறொன்று வாங்கினால் அதில் என்ன ஒளிந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? பட்டை உளுத்துப்போயிருந்தால் ஒரு பவுண்டும் போடாதீர்கள். ரூபாயில் பெருக்கிப் பார்த்து மனசு ஆறாமல் பாதி வேலை செய்து வைத்திருப்பது எல்லாவற்றிலும் மோசம்.

தள்ளிவிடுவதானால் அங்கீகாரம் பெற்ற ஸ்கிராப் இடத்தில் கொடுங்கள். அழித்ததற்கான சான்றிதழ் தருவார்கள். இங்கிலாந்தில் ஸ்கிராப்புக்கு ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது, வங்கிக்குத்தான் பணம் வரும். கையில் நோட்டை நீட்டுகிறவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். வண்டிப் பதிவைப் பார்க்கும் அரசு அலுவலகமான டிவிஎல்ஏவுக்குத் தெரிவித்துவிட்டால் ரோடு டாக்ஸில் மீதி முழு மாதங்களுக்குப் பணம் திரும்பி வரும். தெரிவிக்காவிட்டால் அந்த வண்டி உங்கள் பேரிலேயே நிற்கும்.

அடுத்த கார் வாங்கும்போது, விற்பவர் சொல்வதைக் கேட்பதற்கு முன் நம்பரை வாங்கி அரசு இணையதளத்தில் போடுங்கள். பழைய எம்ஓடி எல்லாம், எதில் ஃபெயில், என்ன எச்சரிக்கை, அன்றைக்கு எத்தனை மைல் என்று இலவசமாக வரும். சோதனைக்குச் சில நகராட்சிகளின் சொந்த எம்ஓடி மையங்களைத் தேடுங்கள். அங்கே பொதுமக்கள் காரை ரிப்பேர் செய்வதில்லை, அதனால் இல்லாத குறையை எழுதி அவர்களுக்கு லாபமில்லை. சான்றிதழ் முடிய ஒரு மாதத்துக்கு ஒருநாள் குறைவாக இருக்கும்போதே காட்டினாலும் அடுத்த சான்றிதழ் பழைய முடிவுத் தேதியிலிருந்தே கணக்காகும். போவதற்கு முன் வைப்பர் தண்ணீர் நிரப்பி, ஹார்ன், எல்லா விளக்கும் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் இல்லாததற்கெல்லாம் ஃபெயில் ஆனவர்கள் உண்டு.

நீங்கள் கேட்காத இரண்டு விஷயம். இந்திய லைசென்ஸ் அங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம்தான் செல்லும், அதற்குள் அங்கத்திய டெஸ்டுக்குத் தயாராகுங்கள். இன்சூரன்ஸ் காகிதத்தில் வீட்டிலிருந்து வேலைக்குப் போய்வர என்று மட்டும் இருந்தால், ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு ஓட்டுவது அதில் அடங்காது. 'பிசினஸ் யூஸ்' இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கார் சரியாகி வருவதற்குள் போன் செய்து சேர்த்துவிடுங்கள்.