பித்தளைக் குண்டு உறையின் அடியில் உள்ள முத்திரைகளைப் படிப்பது எப்படி?

லோரோங் கூலிட் சந்தையில் பித்தளைப் பீரங்கிக் குண்டு உறை ஒன்றையும் தனியாக ஒரு ஃபியூஸையும் (குண்டின் மூக்கில் பொருத்தி அதை வெடிக்கவைக்கும் கருவி) வாங்கியதாகவும், கடைக்காரர் இரண்டையும் 'ஜப்பான்காரன் காலத்துச் சாமான்' என்று சொன்னதாகவும், அடியில் உள்ள எழுத்துகளைக் கொண்டு அதை உறுதிப்படுத்த முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பினாங்கில் இத்தகைய பொருள்களைச் சேகரித்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒரு பொருள் எங்கே, எப்போது செய்யப்பட்டது என்பதை முத்திரைகள் சொல்லும், எங்கே சுடப்பட்டது என்பதைச் சொல்லா. ஆயினும் கடைக்காரர் சொல்லும் கதை நிற்குமா என்று பார்க்கப் பல வேளைகளில் அவையே போதும்.

முதலில் தேட வேண்டியது, பறவையின் கால்தடம்போல மூன்று கோடுகள் ஒரு முனையில் கூடும் அம்புக்குறி. அது பிரிட்டிஷ் அரசுடைமையைக் குறிப்பது. அதன் கீழே 'ஐ' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் இந்தியா. 'சி' என்ற எழுத்துக்குள் அம்பு அடங்கியிருந்தால் கனடா. இரண்டு 'டி' எழுத்துகளுக்கு நடுவே இருந்தால் ஆஸ்திரேலியா. மலாயாவில் 1941இல் போரிட்ட படைகளில் இந்தியப் படைப்பிரிவுகள் மிகுதி என்பதால், இங்கே இந்திய முத்திரையைக் கண்டால் நான் சற்றுக் கூடுதலாகவே கவனித்துப் பார்ப்பேன். 'சி.எஃப்.' என்பது குண்டை உந்தித் தள்ளும் கார்டைட் என்ற வெடிமருந்து முழு அளவில் நிரப்பப்பட்டதற்கான அடையாளம். உறைகள் மீண்டும் மீண்டும் நிரப்பிப் பயன்படுத்தப்பட்டதால் ஒரே உறையில் அது பலமுறை பதிந்திருக்கக்கூடும்.

பீரங்கியின் வகையும் அங்கேயே '18 பி.ஆர்.' அல்லது '25 பி.ஆர்.' என்று இருக்கும். 'பி.ஆர்.' என்பது 'பவுண்டர்', அதாவது குண்டின் எடையைப் பவுண்டில் சொல்லிப் பீரங்கிக்கு இட்ட பெயர். பாலிஷ் போட்டுப் போட்டு எழுத்து தேய்ந்திருந்தால் அளந்து பாருங்கள்: 18 பவுண்டர் பீரங்கியின் குழல் விட்டம் சுமார் 84 மி.மீ., 25 பவுண்டருடையது 87.6 மி.மீ. உறைகளின் நீளம் ஏறக்குறைய ஒன்றே என்பதால் கண்ணளவை நம்ப வேண்டாம். வாய் நசுங்காத இடத்தில் வெர்னியர் அளவுகோல் வைத்து அளப்பதே சரி. மங்கிய எழுத்துகளைப் படிக்க, விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தாலோ, மெல்லிய தாளை விரித்துப் பென்சிலால் தேய்த்தாலோ போதும். புளியும் அமிலமும் கம்பித் தூரிகையும் முத்திரையை அழித்துவிடும்.

அடுத்தது ஆண்டு. ஜப்பானியரைப் பிரிட்டிஷ் படைகள் பேராக்கில் எதிர்த்து நின்ற கம்பார் சண்டை 1941 டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை நடந்தது. பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. ஆகவே 1943 என்று பொறித்த பிரிட்டிஷ் உறை அந்தப் போரில் இங்கே சுடப்பட்டிருக்க வழியே இல்லை. கம்யூனிஸ்ட் கிளர்ச்சியாளர்களோடு போரிட்ட, 1948க்கும் 1960க்கும் இடைப்பட்ட அவசரகாலத்திலும் 25 பவுண்டர்கள் மலாயாவில் முழங்கின. இங்கே கிடைக்கும் பல உறைகள் அக்காலத்தவை என்பது என் கணிப்பு. விற்பவர்களுக்கு இந்த விளக்கம் பிடிப்பதில்லை.

உண்மையிலேயே ஜப்பானியப் பொருளாக இருந்தால் எழுத்துகள் 'கான்ஜி' எனப்படும் சீன வடிவ எழுத்துகளாக இருக்கும். கடற்படையின் பொருள்களில் நங்கூரக் குறியும் காணலாம். ஜப்பானியப் பேரரசரின் ஆட்சிக்காலத்தைக் கொண்டு எண்ணும் ஷோவா ஆண்டோடு 1925ஐக் கூட்டினால் நம் ஆண்டு வரும். ஷோவா 16 என்பது 1941. 'எண்பத்தெட்டாம் வகை' என்ற ஃபியூஸின் பெயரில் உள்ள எண்ணோ, ஜப்பானியப் பேரரசு ஆண்டான 2588இன், அதாவது 1928இன், கடைசி இரு இலக்கங்கள். அது வடிவமைப்பின் ஆண்டேயன்றி உற்பத்தி ஆண்டன்று.

உங்கள் ஃபியூஸின் வளையத்தில் 0 முதல் 22 வரை அளவுகோடுகள் இருந்தால், அது முதல் உலகப்போரில் பெருமளவில் செய்யப்பட்ட 80ஆம் எண் பிரிட்டிஷ் நேர ஃபியூஸாக இருக்கலாம். 'கே.பி.இசட். 96/04' என்ற பொறிப்பும் அதில் உண்டு. அது ஜெர்மனியின் குரூப் நிறுவனத்தின் காப்புரிமைக் குறி. எதிரி நாட்டின் குறியைத் தாங்கிய ஃபியூஸ்களையே பிரிட்டன் ஜெர்மானியர்மீது சுட்டது. போர் முடிந்தபின் குரூப் நிறுவனம் அதற்கான உரிமத்தொகையை விக்கர்ஸ் என்ற பிரிட்டிஷ் ஆயுத நிறுவனத்திடம் கேட்டது.

ஆனால் எண்ணைப் படிப்பதற்காக ஃபியூஸைத் திருகவோ, தட்டவோ, சூடாக்கவோ கூடாது. உள்ளே வெடிமருந்து எஞ்சியிருந்தால் வெளியே தெரியாது. உறையின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரில் ஊசி குத்திய பள்ளம் இல்லையென்றாலும், முழுக் குண்டு கிடைத்து அதன் மூக்கருகே சிவப்பு வளையம் தெரிந்தாலும், குண்டைச் சுற்றியுள்ள செம்புப் பட்டையில், சுடும்போது பதியும் குழலின் வரிகள் பதியாமல் வழுவழுப்பாக இருந்தாலும், கையை எடுத்துவிட்டு, விலகி நின்று 999ஐ அழையுங்கள். உரிமமின்றி வெடிக்கும் நிலையிலுள்ள குண்டை வைத்திருப்பது இங்கே குற்றமும்கூட.